உடலுக்கு எலக்ட்ரோலைட்டுகள் ஏன் தேவை? தண்ணீர் மட்டும் குடித்தால் போதாதா?

பேதியின்போதும் கடும் வெயிலிலும் தண்ணீரை நிறையக் குடித்தால் போதாதா, எலக்ட்ரோலைட் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. இதை நான் என் அப்பா பட்ட பாட்டிலிருந்து தெரிந்துகொண்டேன்.

அருப்புக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, சித்திரை மாதத்தில், 71 வயதான அப்பாவுக்கு இரண்டு நாள் விடாத பேதி. இரத்த அழுத்தத்துக்காக அவர் சாப்பிட்டு வந்த மாத்திரையோ சிறுநீர் வழியே உப்பை வெளியேற்றும் வகையைச் சேர்ந்தது. சோறு இறங்காத நிலையில், "தண்ணி குடிச்சுக்கிட்டே இருங்கப்பா" என்று நாங்கள் சொன்னதைக் கேட்டு, செம்பு செம்பாக வெறும் தண்ணீரையும் இடையிடையே இளநீரையும் குடித்தார். மூன்றாம் நாள் காலையில் திண்ணையில் உட்கார்ந்தபடி, "மோட்டாரை நிறுத்திட்டியாப்பா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மோட்டார் இருந்த அந்தக் கிணற்றை நாங்கள் விற்று ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. சட்டைப் பொத்தானைப் போட முயன்ற அவருடைய விரல்கள் துளை பிடிபடாமல் நழுவிக்கொண்டே இருந்தன. மருத்துவமனையில் பார்த்தபோது, இரத்தத்தில் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய சோடியம் 118 ஆக இறங்கியிருந்தது.

சோடியம், பொட்டாசியம், குளோரைடு, கால்சியம், மக்னீசியம் போன்றவை நீரில் கரைந்து மின்னூட்டமுள்ள அயனிகளாக இருப்பதால்தான் அவற்றை எலக்ட்ரோலைட் என்கிறோம். சோடியம் பெரும்பாலும் செல்லுக்கு வெளியே, பொட்டாசியம் உள்ளே. செல்லின் சவ்வில் இருக்கும் பம்பு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்து, இந்த வேறுபாட்டை ஓயாமல் காத்து நிற்கிறது. நரம்பில் செய்தி ஓடுவதும், தசை சுருங்குவதும், இதயம் சீராகத் துடிப்பதும் இந்த வேறுபாட்டை நம்பியே நடக்கின்றன. உப்பு எங்கே மிகுதியோ அங்கே தண்ணீர் போகும் என்பது இன்னொரு விதி. இரத்தத்தில் சோடியம் குறைந்தால் தண்ணீர் செல்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கச் செய்யும். மற்ற உறுப்புகள் ஓரளவு தாங்கினாலும், மண்டையோட்டுக்குள் அடைபட்ட மூளைக்கு வீங்க இடமில்லை. அப்பாவின் குழப்பத்துக்குக் காரணம் அதுவே. சோடியத்தை வேகமாக ஏற்றுவதும் மூளைக்கு ஆபத்து என்பதால், மருத்துவர்கள் நான்கு நாள் எடுத்துக்கொண்டு சிறிது சிறிதாகவே ஏற்றினார்கள்.

இழந்ததை ஈடுசெய்ய, உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசலைவிடச் சிறந்த வழியை நான் அறியேன். அதில் சர்க்கரை ருசிக்காகச் சேர்க்கப்படுவதில்லை. சிறுகுடல் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்தே நுழையும் ஒரு வாசல் இருக்கிறது. அவை உள்ளே போகும்போது தண்ணீரும் பின்தொடர்கிறது. காலராவிலும் இந்த வாசல் அடைபடுவதில்லை. 1971-இல், வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்காளத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மஹாலனபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா கலந்த நீரை நோயாளிகளின் உறவினர்கள் கையாலேயே புகட்டச் செய்து, நூற்றுக்கு முப்பது என்றிருந்த இறப்பை நான்குக்கும் கீழே கொண்டுவந்தார். அந்த மனிதரை ஒவ்வொரு வீட்டிலும் நினைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய அளவுப்படி ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். ஒரு லிட்டர் பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டர் குடிநீரில் கரைத்து 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் விகிதம் கெட்டுவிடும். வாந்தி வந்தால் பத்து நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாகக் கொடுக்கலாம். பொட்டலம் கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் நீருக்குச் சர்க்கரை ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, இரண்டையும் தலைதட்டி அளந்து கலக்கலாம். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் குறைவு. ஆகவே பேதியின்போது அது ஓ.ஆர்.எஸ். கரைசலுக்கு மாற்றாகாது. கடையில் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் பலவற்றில் சர்க்கரை மிகுதி. அது பேதியைக் கூட்டவே செய்யும்.

பேதி எதுவுமில்லாமல் வெயிலில் வேலை செய்பவர்களுக்கு உப்பிட்ட மோர், நீராகாரம், கஞ்சி ஆகியவையே பெரும்பாலும் போதும். மூன்று வேளை சாப்பிட்டு நிழலில் வேலை பார்ப்பவருக்குத் தனியாக எதுவும் தேவையில்லை. சிறுநீரக நோயோ இதய நோயோ உள்ளவர்கள் மட்டும் இளநீரையும் உப்புக் கரைசலையும் மருத்துவரைக் கேட்டே குடிக்க வேண்டும். பேச்சு குழறினாலும், வலிப்பு வந்தாலும், பல மணி நேரம் சிறுநீர் பிரியாவிட்டாலும் வீட்டில் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நாங்கள் அந்த மூன்றாம் நாள் காலையில், தூக்கக் கலக்கம் என்று நினைத்து இரண்டு மணி நேரத்தை வீணாக்கினோம்.