பேரவைக் கூட்டத்தில் கை தூக்க மட்டும்தானா?

கேள்வி: காசிமேட்டில் மீன் விற்கிறேன். எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்களின் குழுவான அன்பியத்திலிருந்து என்னைப் பங்குக் கோவிலின் ஆலோசனைக் குழுவான பங்குப் பேரவைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் கூட்டம். நாலு பேர்தான் பேசுகிறார்கள். மற்றவர்கள் கை தூக்கிவிட்டு வருகிறோம். எனக்கு அங்கே என்ன வேலை?

பதில்: சகோதரி, திருச்சபைச் சட்டம் 536-இன்படி பேரவை ஆலோசனை சொல்லலாம், முடிவெடுப்பவர் பங்குத்தந்தை. ஆனால் அவர் பேருக்குக் கேட்டுவிட்டுப் போக முடியாது. பேரவை ஒருமித்துச் சொன்னதைத் தக்க காரணமில்லாமல் தள்ளக்கூடாது, தள்ளினால் காரணத்தை விளக்க வேண்டும் என்கிறது உலகெங்குமுள்ள ஆயர்கள் ரோமில் கூடி 2024 அக்டோபரில் முடித்த ஆயர் மாமன்றத்தின் இறுதி ஏடு. எனவே தயங்காமல் கேளுங்கள்: "ஃபாதர், இது முடிவாகிவிட்டதா, எங்களைக் கேட்டு முடிவெடுப்பீர்களா?" பாதி மனத்தாங்கல் அதிலேயே தீரும்.

கூட்ட நேரத்தையும் மாற்றச் சொல்லுங்கள். ஞாயிறு காலைதான் உங்களுக்கு வியாபாரம் சூடு பிடிக்கும் நேரம். அப்போது கூட்டம் வைத்தால் மீன் விற்கும் பெண்களின் குரல் எப்படி வரும்? வார நாள் மாலை நல்லது. விசைப்படகில் போகிறவர்களையும் கேட்க வேண்டிய பெரிய விஷயங்களை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் பேசலாம். கையில் காசில்லாத காலம் அது. வசூல் பேச்சு மட்டும் அப்போது வேண்டாம்.

மாமன்றத்தில் கையாண்ட 'தூய ஆவியில் உரையாடல்' முறையை உங்கள் பேரவையிலும் செய்யலாம். ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்காருங்கள். ஒரு நற்செய்திப் பகுதி, ஐந்து நிமிட மௌனம். முதல் சுற்றில் ஆளுக்கு மூன்று நிமிடம்; யாரும் குறுக்கிடக்கூடாது. மறுபடி மௌனம். இரண்டாம் சுற்றில் தன் கருத்தை விட்டுவிட்டு, அடுத்தவர் சொன்னதில் மனதைத் தொட்டதைச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் இங்கேதான் கெடும்: "அவர் சொன்னது தப்பு" என்று விவாதம் கிளம்பிவிடும். நடத்துபவர் உடனே நிறுத்தி மௌனத்துக்குத் திருப்ப வேண்டும். மூன்றாம் சுற்றில் சேர்ந்து எதை நோக்கிப் போகிறோம் என்று பார்த்து, ஒத்துவராததையும் சேர்த்தே எழுதுங்கள்.

இளையவர் முதலில் பேசட்டும். நல்லதை ஆண்டவர் பலமுறை இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்பதால் ஆலோசனைக்கு எல்லாரையும் அழைக்கச் சொல்கிறது புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கு. பங்குத்தந்தை கடைசியில் பேசட்டும். அவர் தொடங்கினால் எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள்.

'திருவிழாவுக்கு எத்தனை சீரியல் லைட் செட்?' போன்ற கேள்விக்கு இந்த முறை தேவையில்லை, நிதிக்குழு பார்த்துக்கொள்ளும். சட்டம் 537-இன்படி ஒவ்வொரு பங்கிலும் அந்தக் குழு கட்டாயம். 'வாடகை கொடுக்கத் திணறும் குடும்பமும் தலைநிமிர்ந்து வரும்படி திருவிழாவை எப்படி நடத்துவது?' என்பதை இப்படிப் பேசுங்கள். கேள்வியை ஒரு வாரம் முன்பே அன்பியங்களுக்கு அனுப்பிவிட்டால், நீங்கள் உங்கள் தெருவின் கருத்தோடு கூட்டத்துக்குப் போகலாம்.