முதலிடம் காலியான வரிசை: இடது நேர்மாறு பற்றிக் கேள்வி பதில்

டர்பன் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகள் இவை. செயலி என்று நான் சொல்வதெல்லாம் வரம்புள்ள நேரியல் செயலிதான்: திசையனைத் திசையனாக மாற்றும், கூட்டலையும் எண்ணால் பெருக்குவதையும் காக்கும், நீளத்தை ஒரு நிலையான மடங்குக்கு மேல் பெருக்காத விதி. செயலிக்குப் பிறகு இயக்கினால் பழையதை மீட்டுத்தருவது அதன் இடது நேர்மாறு; செயலிக்கு முன்பு இயக்கினால் பழையதைத் தருவது வலது நேர்மாறு.

சாட்ஸ்வர்த் மாணவி: ஐயா, சதுர அணிக்கு இடது நேர்மாறு இருந்தால் அதுவே வலது நேர்மாறும் ஆகிவிடுகிறது. முடிவிலாப் பரிமாணத்தில் ஏன் அப்படி இல்லை?

மகளே, தைப்பூசக் காவடி வரிசை முடிவே இல்லாமல் நீள்வதாக நினைத்துக்கொள். எல்லாரும் ஓரடி பின்வாங்கினால் முதலிடம் காலியாகும். ஆனால் யாரும் தொலையவில்லை. மறுபடி முன்னே வந்தால் பழைய வரிசை கிடைக்கும். இதுதான் இடது நேர்மாறு. முதலிலேயே முன்னே நகர்ந்தாலோ, முதல் ஆள் வரிசையை விட்டே போய்விடுவார். பிறகு பின்வாங்கினாலும் அவர் திரும்பமாட்டார். அதனால் வலது நேர்மாறு இல்லை.

ஃபீனிக்ஸ் வாசகர்: இடது நேர்மாறு உண்டா என்று எப்படிச் சோதிப்பது?

எந்தத் திசையனின் நீளமும் ஒரு நிலையான மடங்குக்குக் கீழே சுருங்கக் கூடாது. ஹில்பர்ட் வெளியில், அதாவது நீளத்தோடு செங்குத்தையும் அளக்கக்கூடிய முழுமையான வெளியில், இது போதும். நீளம் மட்டும் உள்ள பனாக் வெளியில், வீச்சகத்துக்கு (செயலி தரும் திசையன்களின் தொகுதிக்கு) மூடிய நிரப்பு உள்வெளியும் வேண்டும், இதை மறந்துவிடாதீர்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாணவர்: ஐகன் மதிப்பே இல்லாத நகர்வுச் செயலிக்கு, நிறமாலை எப்படி ஐயா முழு வட்டத்தட்டு ஆகிறது?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, தம்பி. பூச்சியமல்லாத ஒரு திசையனைச் செயலி ஓர் எண்ணால் பெருக்கி மட்டும் தந்தால், அந்த எண் ஐகன் மதிப்பு. செயலியிலிருந்து சமனிச் செயலியின் (எதையும் மாற்றாத செயலியின்) எந்த மடங்கைக் கழித்தால் நேர்மாறு இல்லாமல் போகிறதோ, அந்த எண்கள் எல்லாம் சேர்ந்தது நிறமாலை. இங்கே நகர்வுச் செயலி என்பது வரிசையைப் பின்னே நகர்த்துவது. ½ என்ற எண்ணை எடுத்துக்கொள். 1, ½, ¼, ⅛… என்ற திசையனை முன்னே நகர்த்தினால் அது அப்படியே பாதியாகிறது. உறுப்புகளின் வர்க்கங்களைக் கூட்டினால் 4/3, ஆகவே அது, வர்க்கங்களின் கூட்டல் முடிவுள்ள வரிசைகளின் வெளிக்குள்ளேயே இருக்கிறது. பின்னே நகர்த்தும் செயலியிலிருந்து சமனிச் செயலியின் பாதியைக் கழித்துப் பார்: வரும் வீச்சகம் முழுவதும் இந்தத் திசையனுக்குச் செங்குத்து. வெளியை அது நிரப்பவில்லை, எனவே ½ நிறமாலையில் சேர்கிறது. 1-க்குக் குறைந்த அளவுள்ள எந்தக் கலப்பெண்ணுக்கும் இதே கதைதான். நிறமாலை மூடிய கணம் என்பதால் விளிம்பு வட்டமும் உள்ளே வந்துவிடும்.

பொதுவாகவும் சொல்லலாம். நேர்மாறில்லாமல் இடது நேர்மாறு மட்டும் உள்ள செயலி, நீளத்தை எந்த மடங்குக்குக் கீழே சுருக்காதோ, அந்த ஆரமுள்ள தட்டு முழுவதும் அதன் நிறமாலைக்குள் இருக்கும். எண்ணை மெல்ல மாற்றினாலும் வீச்சகத்தின் குறை மாறாது. காலியிடம் காலியாகவே நிற்கும்.

அதே மாணவர்: அந்தத் தட்டோடு நிறமாலை முடிந்துவிடுமா?

முடியாது. பின்னே நகர்த்தும்போது ஒவ்வோர் உறுப்பையும் ஓர் எடையால் பெருக்கும் பெர்க்மன் நகர்வின் எடைகள் √(1/2), √(2/3), √(3/4)… என்று போகின்றன. மேலே சொன்ன விதி தருவது 0.707 ஆரமுள்ள தட்டுதான். உண்மையான நிறமாலையோ முழு அலகுத் தட்டு.

டொங்காட் ஆசிரியை: எல்லாமே நகர்வின் உறவினர்களா அண்ணா?

நீளத்தைக் காப்பவற்றைப் புள்ளியியலாளர் வோல்ட் 1938-இல் பிரித்துக்காட்டினார்: ஒரு பகுதி முழு நேர்மாறுள்ளது, மறுபகுதி நகர்வு. நீளத்தைக் காக்காதவற்றுக்கு, கணிதவியலாளர் ஷிமோரின் 2001-இல் கோஷி இருமம் என்ற, செயலியிலிருந்தே கட்டப்படும் துணைச் செயலியைக் கருவியாகக் கொண்டுவந்தார். செயலியைத் திரும்பத் திரும்ப இயக்கிய அடுக்குகளின் வீச்சகங்களுக்குப் பொதுவாகப் பூச்சியம் மட்டுமே மிஞ்சினால், இடது நேர்மாறுள்ள செயலியைப் பகுமுறைச் சார்புகளின் (அடுக்குத் தொடராக எழுதக்கூடிய சார்புகளின்) வெளியில் மாறியால் பெருக்குவதாகவே எழுதிவிடலாம்.