தட்டிப் பார்த்துக் கல் எடுங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் தெருக்கோடியில், காவிரிப் படித்துறையை ஒட்டிய அரசமரத்தடியில், இரண்டடி உயரத்தில் ஒரு பிள்ளையார் வைக்கத் தெருவாசிகள் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். செய்து தர ஒரு ஸ்தபதி ஒப்புக்கொண்டிருக்கிறார். கல்லை மட்டும் நீங்களே வாங்கிக் கொடுங்கள் என்கிறார். பட்டறையில் பளபளவென்ற கறுப்புக் கல்லைக் காட்டி இதுவே உயர்ந்தது என்கிறார்கள். பக்கத்திலேயே கிடந்த சாம்பல் நிறக் கல்லின் விலை அதைவிடக் குறைவு. எதை வாங்குவது?
– வாசகர், திருவையாறு வட்டம்

பதில்: விலையையும் நிறத்தையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தப் பிள்ளையாரின் தலையில் இனி என்னென்ன விழப்போகிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். அரசமரத்தடியில் மேற்கூரை இராது. சித்திரை வெயில் காயும், ஐப்பசி அடைமழை கொட்டும், காக்கை எச்சமிடும். வெள்ளிக்கிழமைதோறும் நல்லெண்ணெய், சதுர்த்தி தவறாமல் பாலும் தயிரும், யாராவது வேண்டிக்கொண்டால் எலுமிச்சைச் சாறு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். இத்தனையையும் தாங்க வேண்டிய சிலைக்குக் கருங்கல்லைத் தவிர வேறெதையும் நான் சொல்ல மாட்டேன். நீங்கள் பார்த்த இரண்டும் கருங்கல்தான் என்பதால் பாதிக் கவலை தீர்ந்தது.

கருங்கல் என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பிடுவது உண்மையில் பல பாறைகள். கிரானைட்டும், வரிவரியாகத் தெரியும் நைஸும், சென்னைப் பல்லாவரத்தில் கிடைக்கும் சார்னகைட்டும் நம் வாயில் கருங்கல்தான். (கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இவ்வகைக் கல் பயன்பட்டதால் பாறைக்கே அவர் பெயர் வந்தது, நம் ஊர்ப் பாறைக்கு இப்படி ஒரு பெயர்!) பட்டறையில் பளபளத்த கறுப்புக் கல் பெரும்பாலும் டோலரைட் வகையைச் சேர்ந்ததாக இருக்கும். அதன் மணி, அதாவது கல்லில் தெரியும் துகள், மிகவும் பொடியானது. ஆகவே பூணூலின் இழையையும் மோதகத்தின் மடிப்பையும்கூட அது கூர்மையாகத் தாங்கும். ஆனால் உளிக்கு எளிதில் வளைந்து கொடுக்காது. கல்லில் அதிகம் கொடுத்த பிறகு கூலியிலும் அதிகம் கொடுக்க நேரலாம் என்பதால், ஸ்தபதியைக் கேட்காமல் முன்பணம் கட்டிவிடாதீர்கள். நிறத்துக்காக மட்டும் அதை வாங்குவதில் பொருளில்லை. தொடர்ந்து எண்ணெய்க்காப்பு நடக்கும் எந்தக் கருங்கல்லும் சில ஆண்டுகளில் தானாகவே கறுத்துவிடும். உங்கள் தெருப் பிள்ளையாருக்கு, மணி பொடியாகவும் ஒரே சீராகவும் உள்ள சாம்பல் கல் போதும் என்பது என் எண்ணம்.

எந்தக் கல்லானாலும் சோதிக்காமல் எடுக்கக் கூடாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் நாலடித் துர்க்கை ஒன்றுக்காக ஒரு பட்டறையில் கல் எடுத்தேன். கன்னங்கரேலென்று, கைவைத்தால் வழுக்கும்படி இருந்தது. முகம் முடிந்து, தோள் முடிந்து, இடது முழங்கைக்கு வந்தபோது உளியின் ஓசை திடீரென்று மாறியது. தண்ணீர் ஊற்றித் துடைத்துப் பார்த்தேன். மேனி முழுவதும் உலர்ந்த பிறகும் தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு கோடு மட்டும், யாரோ ஈர நூலை ஒட்டி வைத்ததுபோல் உலராமல் நின்றது. வெடிப்பின் வாயைப் பசையால் அடைத்து, மேலே கறுப்பு எண்ணெய் தேய்த்து விற்றிருக்கிறார்கள். நாற்பது நாள் வேலை அத்தோடு போயிற்று.

ஆகவே, வாங்கப் போகும்போது ஒரு வாளித் தண்ணீரும், தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியும், ஒரு சிறு சுத்தியும் உங்களிடம் இருக்கட்டும். முதலில் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் கறுப்பு ஏறினால் அது கல்லின் நிறமன்று. பிறகு நாலு பக்கமும் தண்ணீர் ஊற்றி, அவசரப்படாமல் நிழலில் உட்கார்ந்து, கல் எப்படி உலர்கிறது என்று கவனியுங்கள். நல்ல கல் ஒரே சீராக உலரும். வெடிப்பு உள்ள இடம் மட்டும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கோடாகத் தெரியும். கல்லை இரண்டு கட்டைகளின் மேல் தூக்கி வைக்கச் சொல்லி, அடி முதல் முடி வரை சாண் இடைவெளியில் சுத்தியால் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்ற ஓசை ஓரிடத்தில் மழுங்கினால் அங்கே ஏதோ இருக்கிறது என்று பொருள். தரையில் கிடக்கும் கல்லைத் தட்டினால் மண் ஓசையை விழுங்கிவிடும் என்பதால்தான் கட்டை தேவைப்படுகிறது.

கண்ணால் பார்க்க வேண்டியவையும் உண்டு. காக்காப்பொன் திட்டுத் திட்டாக மின்னும் கல் அந்த இடங்களில் ஏடு ஏடாகப் பெயர்ந்து வரும். பித்தளைப் பொட்டுப்போல மஞ்சளாக மினுக்கும் புள்ளிகள் இருந்தால் அவை இரும்புக் கந்தகமாக இருக்கலாம். மழையில் நனைந்து நனைந்து துருவாகக் கசிந்து பிள்ளையாரின் வயிற்றில் பழுப்புக் கறை இறங்கும். வெள்ளை நரம்பு ஓடினால் அது முகத்திலும் தும்பிக்கையிலும் வராமல் பின்புறம் போகும்படி வரைய முடியுமா என்று ஸ்தபதியே சொல்லிவிடுவார். வெடி வைத்துப் பெயர்த்த கல்லைவிட, ஆப்பு அடித்தோ கம்பி ரம்பத்தால் அறுத்தோ எடுத்த கல் நல்லது. வெடியின் அதிர்ச்சி கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை விட்டுவைக்கும்.

எடையை மறந்துவிடாதீர்கள். சாதாரணக் கருங்கல் கன அடிக்குச் சுமார் 75 கிலோ இருக்கும். டோலரைட் 85 கிலோ வரை வரும். பீடம் சேர்த்து இரண்டரை அடி உயரம், ஒன்றே முக்கால் அடி அகலம், ஒன்றேகால் அடி கனம் என்று எடுத்தால் ஐந்தரை கன அடி, அதாவது 410 கிலோ. படித்துறைப் பக்கத்து வண்டல் மண் இந்தப் பாரத்தை நேராகத் தாங்காது. கீழே மணலும் செங்கல் ஜல்லியும் இட்டுக் கெட்டித்து, அதன்மேல் பீடத்தை நிறுத்துங்கள்.

கேள்வி: சுவாமிமலையில் உலோகச் சிலை வார்ப்பதற்கான மெழுகு வேலை கற்றுக்கொண்டிருக்கிறேன். கல்லிலும் கை பழக வேண்டும் என்று ஆசை. எந்தக் கல்லில் தொடங்கலாம்? நம் பக்கத்தில் கல் எங்கே கிடைக்கும்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன். நம் பக்கத்தில் கல் கிடைக்காது. காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டலின் மேல்தான் நாம் குடியிருக்கிறோம். இங்கே தோண்டினால் மண்ணும் மணலும் களியும்தான். சோழ நாட்டுப் பழைய கோயில்கள் பல செங்கல்லால் கட்டப்பட்டிருந்ததற்கும், பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் அவற்றைக் கற்றளிகளாக மாற்றியதை நாம் இன்னும் பேசிக்கொண்டிருப்பதற்கும் அதுவே காரணம். 1010-இல் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலின் கருங்கல்லும் வெளியிலிருந்து வந்ததுதான். அதே வண்டல் மண்தான் நீங்கள் மெழுகின்மேல் பூசும் கருவுக்கு (மண் அச்சுக்கு) அத்தனை மழமழப்பைத் தருகிறது என்பதால், நமக்கு இழப்பு என்று சொல்லவும் மனம் வரவில்லை. கல்லுக்கு நீங்கள் மாமல்லபுரத்துக்கோ, திருப்பூர் அருகே திருமுருகன்பூண்டிக்கோ, புதுக்கோட்டைப் பக்கத்துக் குவாரிகளுக்கோ போக வேண்டியிருக்கும்.

தொடங்குவதற்கு மாக்கல் நல்லது. சேலத்துக் கல்சட்டி எந்தக் கல்லோ அதுவே. நகத்தால் கீறினாலே வெள்ளையாகக் கோடு விழும். அரம், கத்தி, ரம்பத் துண்டு எல்லாம் அதில் ஓடும். கர்நாடகத்துப் பேலூரிலும் ஹளேபீட்டிலும் நகைகளின் மணிவரை செதுக்க முடிந்ததற்கு அங்கே கிடைத்த இவ்வகை மென்கல் பெரிதும் உதவியது. ஆனால் மெழுகில் பழகிய கைக்கு இங்கே ஓர் ஆபத்து உண்டு. மெழுகில் தவறினால் ஒட்டிக்கொள்ளலாம். கல்லில் போனது போனதுதான். எனவே கையளவு துண்டு ஒன்றை எடுத்து ஆமையோ, கூர்மத்தின் முதுகைப்போல் ஓர் உருண்டை வடிவமோ செய்யுங்கள். விரல்கள் விரிந்த அபய முத்திரைக்கு ஆறு மாதம் பொறுத்திருக்கலாம்.

மாக்கல் தூசியை இலேசாக எண்ண வேண்டாம். சில இடத்து மாக்கல்லில் ஆஸ்பெஸ்டாஸ் இழை கலந்திருக்கும். கருங்கல் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் வரும், வந்தால் போகாது. தண்ணீர் தெளித்துக்கொண்டே வேலை செய்யுங்கள். முகத்தில் கட்டும் துண்டு போதாது, தூசி வடிகட்டும் முகக்கவசமே வேண்டும். பழைய சிற்பிகள் இதெல்லாம் இல்லாமலா செய்தார்கள் என்று கேட்பவர்கள், அவர்களில் எத்தனை பேர் இருமி இருமி மாண்டார்கள் என்பதைக் கேட்பதில்லை.

ஓய்வு நாளில் தாராசுரம் போய்வாருங்கள். உங்களுக்கு எட்டிய தூரம்தான். உள்ளங்கை அகலப் புடைப்பில் ஆடும் உருவங்களைக் கடினக் கல்லில் கொண்டுவந்திருக்கிறார்கள். பிறகு தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில், தாராசுரத்திலிருந்து வந்த யானையுரித்த பெருமானைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். எதைக் கல்லிலிருந்து முழுதாகப் பிரித்தார்கள், எதைப் பின்கல்லோடு ஒட்டியே விட்டார்கள் என்று கவனித்தால், கல்லின் பலம் எதுவரை என்று அவர்கள் அறிந்திருந்த கணக்கு புலப்படும்.

கேள்வி: ஆண்கல், பெண்கல் என்பது உண்மையா, நம்பிக்கையா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: இரண்டும் கலந்தது. தட்டினால் வெண்கல மணிபோல் ஆழ்ந்து ஒலிப்பது ஆண்கல், தாளம்போல் மெல்லென ஒலிப்பது பெண்கல், ஓசையே எழாதது அலிக்கல் என்று சிற்ப நூல்கள் வகுக்கின்றன. தேவனுக்கு ஆண்கல்லும் தேவிக்குப் பெண்கல்லும் எடுத்துக்கொண்டு, மூன்றாவதைத் தளத்துக்கும் பிறவற்றுக்கும் தள்ளிவிடுவார்கள். கல்லுக்கு ஆண் பெண் இல்லை என்று பாறையியலார் சொல்வது சரிதான். ஆனால் ஓசை எழும்பாத கல்லை மூலவருக்கு எடுக்காதே என்ற விதி, உள்ளே வெடிப்போ பொக்கோ சிதைவோ உள்ள கல்லைக் கருவறைக்குள் விடாமல் தடுத்துவிடுகிறது. கல்லுக்குள் தேரை இருக்கிறதா என்று கர்ப்ப தோஷம் பார்ப்பதையும் அப்படியே கொள்ளலாம். தேரை இருக்கிறதோ இல்லையோ, பொந்து இருந்தால் சிலை பிளக்கும். மண்ணில் புதைந்து கிடந்த பக்கத்தையே சிலையின் முகப்பாக்க வேண்டும் என்ற மரபும் இத்தகையதே: வெயிலும் மழையும் தின்றது மேல்பக்கம், நல்ல கல் இருப்பது கீழ்ப்பக்கம்.

கேள்வி: எங்கள் பள்ளி முற்றத்தில் முன்னாள் மாணவர்கள் சலவைக்கல் சரஸ்வதி ஒன்றை வைக்க விரும்புகிறார்கள். கடற்கரையிலிருந்து பள்ளி கூப்பிடு தூரம். வைக்கலாமா?
– ஆசிரியை, நாகப்பட்டினம்

பதில்: வெள்ளைக்கலையுடுத்தவளுக்கு வெள்ளைக்கல் என்ற ஆசை புரிகிறது. ஆனால் முற்றத்தில் வேண்டாம், கூடத்துக்குள் வையுங்கள். சலவைக்கல் அடிப்படையில் சுண்ணாம்புதான்; ஒரு துண்டின் மேல் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டவிட்டுப் பாருங்கள், மெல்ல நுரைக்கும். நுரைப்பது கல் கரைவதால். உப்புக் காற்று கல்லின் நுண்துளைகளில் ஏறி, உள்ளே உப்பு பூத்து, மேல்தோலைப் பொரித்துத் தள்ளும். வீணையின் தந்தியும் விரல் நுனியுமே முதலில் மழுங்கும். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் அடிவரிசை கருங்கல், மேலே மணற்கல். மென்மையான மேற்பகுதி அரித்துப் போய்ப் பலமுறை சுதை பூசப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். மணற்கல் வேறு, சலவைக்கல் வேறு என்றாலும் வெளியில் நின்ற மென்கல்லின் கதி அதுதான். முற்றத்திலேதான் வைக்க வேண்டுமென்றால் வெளிர் சாம்பல் கருங்கல்லில், மெருகேற்றாமல் உளி முடிப்பாகவே செய்யச் சொல்லுங்கள். தூரத்திலிருந்து பார்க்க வெண்மையாகவே தோன்றும். கூடத்தில் சலவைக்கல் வைத்தால் அபிஷேகம் செய்யாமல், ஈரத் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாட்டி வீட்டு ஆட்டுக்கல் கொல்லையில் கிடக்கிறது. அதில் சிற்பம் செதுக்க முடியுமா?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: செதுக்க முடியும். ஆட்டுக்கல்லுக்குப் பெரும்பாலும் நல்ல கருங்கல்லைத்தான் எடுப்பார்கள், இத்தனை ஆண்டு சுழற்றியும் பிளக்காதது அதன் தரத்துக்குச் சான்று. வேறு உபயோகத்துக்கு வைத்த கல்லை வழிபாட்டு உருவத்துக்கு எடுப்பதில்லை என்பது மரபாகையால் தெய்வ வடிவம் வேண்டாம். நடுக்குழியைத் தூர்க்காமல், விளிம்பைச் சுற்றி ஒரு கொடியை மட்டும் ஓட விட்டு, தண்ணீர் நிரப்பிக் கொல்லையிலேயே வையுங்கள், மைனாக்கள் வரும். குழவியைத் தனியே எடுத்து வைத்துவிடாமல் பக்கத்திலேயே நிறுத்துங்கள், அதன்மேல் அவை உட்காரும்.