லிவர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்ல ப்ரோப்ப (உடம்பு மேல வெச்சுப் பாக்கிற கருவிய) எங்க வைக்கணும்? கேள்வி பதில்

கேள்வி (முதல் வருஷ ரேடியாலஜி பிஜி): மேடம், லிவர எங்கிருந்து பாக்க ஆரம்பிக்கணும்? ஒவ்வொரு சீனியரும் ஒவ்வொரு மாதிரி சொல்றாங்க.

பதில்: எங்க ஆரம்பிச்சாலும் சரி, தினமும் ஒரே வரிசைல போங்கப்பா. நான் நெஞ்செலும்புக்குக் கீழ இருக்கிற குழில ப்ரோப்ப நெடுக்கா வெச்சு, மார்க்கர் (ப்ரோப் ஓரத்துல இருக்கிற அடையாளம்) தலைப்பக்கம் இருக்கிற மாதிரி ஆரம்பிப்பேன், லெஃப்ட் லோபும் (லிவரோட இடது பகுதி) பின்னால அயோர்ட்டாவும் (பெரிய தமனி) தெரியும், அப்படியே வலது பக்கம் நகத்துனா ஐவிசி (இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற பெரிய சிரை) வரும். அப்புறம் மார்க்கர பேஷண்டோட வலது பக்கம் திருப்பி, விலா ஓரத்துக்கு அடியில வெச்சு, பீம் வலது தோள்பட்டைய பாக்கிற மாதிரி சாய்ங்க. மூணு ஹெபாட்டிக் வெயினும் (லிவர்ல இருந்து ரத்தம் வெளிய போற சிரைகள்) ஐவிசில வந்து சேர்றது ஒரே படத்துல கிடைக்கும். மிடில் வெயின் ரைட்டு லெஃப்ட்ட பிரிக்குது, ரைட் வெயின் ரைட் லோப்ல இருக்கிற செக்மென்ட்டுகள (லிவரோட நம்பர் போட்ட பகுதிகள) 5, 8 ஒரு பக்கம் 6, 7 ஒரு பக்கம்னு பிரிக்குது. இந்தப் படம் கைக்கு வந்துட்டா செக்மென்ட் குழப்பம் பாதி போயிரும்.

கேள்வி (எமர்ஜென்சி டியூட்டி டாக்டர்): விலா நிழல் விழுந்து ரைட் லோப் வரி வரியா கறுப்பா தெரியுது, என்ன பண்றது?

பதில்: ப்ரோப்ப நேர் நெடுக்கா வெச்சிருப்பீங்க. விலா சரிவாத்தான் ஓடுது, ப்ரோப்பையும் அந்தச் சரிவுக்கே திருப்பி இடுக்குல உக்கார வைங்க. வலது கைய தலைக்கு மேல தூக்கச் சொன்னா இடுக்கும் கொஞ்சம் விரியும்.

கேள்வி (ரெண்டாம் வருஷ பிஜி): டோம் (லிவரோட மேல் வளைவு) பக்கம் எப்பவுமே மிஸ் ஆகுது மேடம். நல்லா மூச்சு இழுக்கச் சொன்னாலும் வரமாட்டேங்குது.

பதில்: இந்தக் கேள்விய எல்லாருமே கேக்கணும். விலாவுக்குக் கீழ இருந்து பாக்கும்போதுதான் ஆழமா மூச்சு இழுக்கணும், டயாஃப்ரம் (நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற தசை) லிவர கீழ தள்ளிக் குடுக்கும். விலா இடுக்குல இருந்து பாக்கும்போது அதே மூச்சு நமக்கு எதிரி, நுரையீரல் இறங்கி வந்து டோமையே மறைச்சிரும், அப்ப சாதாரண மூச்சு, இல்ல மூச்ச வெளிய விடச் சொல்லிப் பாருங்க. அப்புறம் நாம "மூச்ச இழுங்க"ன்னா முக்காவாசிப் பேர் நெஞ்சத் தூக்கி வயித்த உள்ள இழுத்துக்குவாங்க, லிவர் இறங்காது. "வயித்த பலூன் மாதிரி உப்புங்க"ன்னு சொல்லிப் பாருங்க, ஸ்க்ரீன்லயே லிவர் இறங்கி வர்றது தெரியும். அதுவும் பத்தலன்னா இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. டயாஃப்ரத்தோட வெள்ளைக் கோடு இந்தக் கோடில இருந்து அந்தக் கோடி வரைக்கும் தெரியணும், அது மறையுற வரைக்கும் ப்ரோப்ப மெதுவா சாச்சுக்கிட்டே போகணும். சிரோசிஸ் (லிவர் தழும்பேறிப் போன) பேஷண்ட் 6 மாசத்துக்கு ஒருக்கா வர்றதே சின்னக் கட்டிய சீக்கிரமா கண்டுபிடிக்கத்தான், அது செக்மென்ட் 7, 8-ல ஒளிஞ்சிருந்து நாம டோமைப் பாக்காமலே நார்மல்னு எழுதிட்டோம்னா அவருக்கு அந்த 6 மாசம் போச்சு. தெரியலன்னா டோம் சரியா தெரியலன்னு ரிப்போர்ட்ல எழுதுங்க, அதுல வெக்கமே இல்ல.

கேள்வி: உடம்பு பெருத்தவங்களுக்கு நல்லா அழுத்தலாமா?

பதில்: திடீர்னு குத்தாதீங்க, வலிச்சா வயித்த இறுக்கிக்குவாங்க. மூச்ச விட விட மெதுவா அழுத்துங்க, ஃப்ரீக்வென்சிய 2 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இறக்குங்க. விலா மேல கொழுப்பு பெரும்பாலும் கம்மி, அதனால இடுக்கு வழியா போறதுதான் எனக்குப் பிடிச்ச வழி.

கேள்வி (பேஷண்ட்): எனக்கு ஃபைப்ரோஸ்கேன் (லிவரோட இறுக்கத்த அளக்கிற ஸ்கேன்) எழுதியிருக்காங்க. ஏன் பட்டினி, ஏன் விலாவுல வைக்கிறாங்க?

பதில்: சாப்பிட்டா லிவருக்குப் போற ரத்தம் கூடி, இறுக்கமும் கூடுதலா காட்டிரும், அதனால 3 மணி நேரமாவது வெறும் வயிறா இருங்க. மல்லாக்கப் படுத்து வலது கைய தலைக்கு மேல வைக்கணும், ப்ரோப் தோலுக்கு நேர் செங்குத்தா நின்னு ரைட் லோப அளக்கும். 10 ரீடிங் எடுப்பாங்க, லேசா தட்டுற மாதிரி இருக்கும், வலிக்காது. இதுல மூச்ச ஆழமா இழுத்துப் புடிக்காதீங்கம்மா, சாதாரணமா விட்டுட்டு நிறுத்தச் சொன்னா நிறுத்துனா போதும்.

கேள்வி (டிஎம்ஆர்டி, அதாவது ரேடியாலஜி டிப்ளமா மாணவர்): ஃபேட்டி லிவர் கிரேடு சொல்ல எந்த வியூ?

பதில்: வலது பக்கவாட்டுல, லிவரும் ரைட் கிட்னியும் ஒரே படத்துல வர்ற மாதிரி. கொழுப்பு சேந்த லிவர் கிட்னிய விட வெள்ளையா தெரியும். ரெண்டையும் ஒரே ஆழத்துல ஒப்பிடுங்க, கெயின (படத்தோட வெளிச்சத்த) ஏத்தி வெச்சா யாரு லிவரும் வெள்ளையாத்தான் தெரியும். கிட்னி வியாதி இருக்கிறவங்களுக்கு கிட்னியே வெளுத்துப் போயிருக்கும், அத நம்பாம போர்ட்டல் வெயின் (குடல்ல இருந்து லிவருக்கு ரத்தம் கொண்டு வர்ற சிரை) சுவரும் ஆழத்துல டயாஃப்ரமும் தெளிவா தெரியுதான்னு பாத்துட்டு எழுதுங்க.