"சாகணும் போல இருக்கு" என்று பிள்ளை சொன்னால்: கேள்வி பதில்

இடைநிலைப்பள்ளியில் கவுன்சலிங் ஆசிரியையாக இருந்தவள் என்பதால், மலேசியாவின் பினாங்கு பெற்றோர்களும் சில மாணவர்களும் என்னிடம் கேட்டவை இவை. பெயர்களை எடுத்துவிட்டேன்.

பிறை, ஓர் அம்மா: டீச்சர், படிவம் 4 படிக்கும் மகன் நோட்டில் "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்று எழுதியிருக்கிறான். நேரடியாகக் கேட்டால் நானே அந்த எண்ணத்தைக் கிளறிவிட்டதாக ஆகிவிடாதா?

ஆகாதும்மா. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். "சாகணும்னு தோணுதாய்யா?" என்றே கேளுங்கள். "மனசு சரியில்லையா?" என்று சுற்றி வளைத்தால் "ஒன்னுமில்லம்மா" என்று முடித்துவிடுவான். நோட்டைப் படித்ததையும் மறைக்காதீர்கள். அவன் ஆமாம் என்றால், "உனக்கு என்ன குறை வைத்தோம்?" என்ற கேள்வி மட்டும் வேண்டவே வேண்டாம். அதற்குப் பிறகு பிள்ளை வாயைத் திறக்காது. முதலில் அவன் பேசி முடிக்கட்டும். அப்புறம், எப்படி, எப்போது என்றெல்லாம் யோசித்து வைத்திருக்கிறானா என்று கேளுங்கள். யோசித்திருந்தால் ஒரு நிமிடமும் தனியே விடாமல், அன்றே அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். ஷிப்ட் இருந்தால் லீவு போடுங்கள். அப்படித் திட்டம் இல்லையென்றாலும் அந்த வாரமே அரசாங்க கிளினிக்கில் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். வீட்டு மருந்துகளையும் ஆபத்தான பொருள்களையும் இன்றே பூட்டி வையுங்கள்.

பட்டர்வொர்த், ஓர் அப்பா: தாத்தா, பாட்டி, அத்தை என்று வீட்டில் எட்டுப் பேர் இருக்கிறோம். மகள் என்னவோ தனியாக இருப்பதாகச் சொல்கிறாள்.

அவள் சொல்வது உண்மையாக இருக்கலாம். சமூக ஆதரவை அளக்க 1988-இல் சிமெட்டும் சக ஆய்வாளர்களும் உருவாக்கிய 12 வாசகப் பட்டியல் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. குடும்பம், நண்பர்கள், தனக்கு முக்கியமான ஒருவர் என்று மூன்று பக்கமும் அது கேட்கிறது. வீட்டில் எத்தனை பேர் என்ற கேள்வியே அதில் இல்லை. பிரச்சினையை வீட்டில் பேச முடிகிறதா என்பது இருக்கிறது. எட்டுப் பேரும் "கணக்குல எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால், அவளுக்குப் பேச ஆளே இல்லை. ஒருவர் போதும். அத்தையிடம் மனம் விட்டுப் பேசுகிறாள் என்றால், அவள் சொன்னதை அத்தையிடம் துருவித் துருவிக் கேட்காதீர்கள்.

ஆயர் ஈத்தாம், ஓர் அம்மா: எந்நேரமும் கேம். பள்ளிப் பேச்சை எடுத்தாலே கதவைச் சாத்துகிறான். சோம்பல்தானே?

சில சமயம் சோம்பல், சில சமயம் தப்பித்தல். லாசரஸ், ஃபோக்மேன் என்ற உளவியலாளர்கள் இருவர் 1984-இல் எழுதியபடி, மன அழுத்தத்தைச் சமாளிக்க மனிதர்களுக்கு இரண்டு வழி: பிரச்சினையைச் சரிசெய்வது, அதனால் வரும் உணர்ச்சியை ஆற்றுவது. முதலாவதுதான் உசத்தி என்று பலர் சொல்லித்தருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எழுதி முடித்த எஸ்.பி.எம். என்ற படிவம் 5 அரசுத் தேர்வையோ இறந்துபோன அப்பாவையோ எந்தத் திட்டம் போட்டுச் சரிசெய்வது? அங்கே அழுவதும் பந்து விளையாடுவதும்தான் சரியான சமாளிப்பு. ஆபத்து எங்கே என்றால், பிரச்சினையையே நினைக்காமல் ஓடுவதும், எல்லாம் தன் தப்பு என்று தன்னையே குதறிக்கொள்வதும் வழக்கமாகிவிடும்போது. தற்கொலை எண்ணத்தோடு இந்த இரண்டும் சேர்ந்து வருவதை ஆய்வுகள் காட்டுகின்றன. கேமைப் பிடுங்குவதற்கு முன் பள்ளியில் என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள். சக மாணவர்கள் செய்யும் பகடிவதையாக இருக்கலாம்.

ஜெலுத்தோங், ஓர் அத்தை: நம் காலத்தில் இதெல்லாம் ஏதுங்க? தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டால் போதாதா?

தாராளமாகப் போங்கள்க்கா, டாக்டரையும் பாருங்கள். மலேசியாவில் 13 முதல் 17 வயது மாணவர்களிடம் 2022-இல் எடுத்த சுகாதார ஆய்வில் 13.1 விழுக்காட்டினர் தற்கொலை பற்றி யோசித்ததாகச் சொன்னார்கள். 2017-இல் அது 10 விழுக்காடு.

பெயர் சொல்லாத ஒருவர்: மருத்துவமனைக்குப் போனால் போலீஸ் வழக்கு வருமா?

வராது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது.

படிவம் 5 மாணவி: தோழி சாகப்போவதாக மெசேஜ் போடுகிறாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டாள்.

சத்தியத்தை மீறும்மா. கோபித்துக்கொள்வாள், பரவாயில்லை. இதை நீ தனியாகச் சுமக்கவும் வேண்டாம். நீ நம்பும் ஒரு பெரியவரிடம் இன்றே சொல். அவள் இந்த நிமிடமே ஆபத்தில் இருந்தால் 999. பேச ஆள் வேண்டுமென்றால், மனக்கஷ்டத்தில் இருப்பவர்களிடம் பேசும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு, 24 மணி நேரமும், 03-7627 2929. சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. நீயும் அழைக்கலாம், அவளும் அழைக்கலாம். தமிழில் பேச வேண்டும் என்றால், தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா என்று எடுத்தவுடனே கேள்.