12 காசு வித்தியாசம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நானும் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். வயது 27. சைபர்ஜெயாவில் 4 ஆண்டுகளாக புரோகிராமர் வேலை. இப்போது எங்கள் குழுவில் பாதிக் கோடு (நிரல்) ஏஐதான் எழுதுகிறது. நாங்கள் பார்த்துச் சரிசெய்து ஒட்டுகிறோம். 9 பேர் இருந்த இடத்தில் 6 பேர் இருக்கிறோம். இரவு 11 மணிக்கும் வாட்ஸ்ஆப்பில் வேலை வருகிறது.

அப்பா இன்னும் செம்பனைக் குலை வெட்டுகிறார். மத்தியானம் 2 மணிக்கெல்லாம் வீடு திரும்பிக் குளித்துச் சாப்பிட்டுவிடுவார். போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோதும் நான் மடிக்கணினியும் கையுமாக இருந்தேன். "இதுக்காடா படிச்சே?" என்று கேட்டார். எனக்கு வாயடைத்துப்போனது.

இந்த வேலை இன்னும் 10 வருடம் தாங்குமா? இப்போதே மேனேஜர் பக்கம் தாவிவிடலாமா? புதிதாக எந்த மொழியைப் படிக்கலாம்? 38 வருடம் இந்தத் தொழிலில் இருந்தவர் நீங்கள். பூசி மெழுகாமல் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம்,
சைபர்ஜெயா

*

அன்புள்ள தம்பி,

அப்பா கேட்டதற்கு என்னிடமும் பதில் இல்லை. மற்றவற்றுக்கு முயல்கிறேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடலாம். எஸ்கியூஎல், தரவுத்தளத்திலிருந்து விவரம் எடுக்கும் மொழி, நன்றாகத் தெரியாவிட்டால் அதைப் படியுங்கள். 1970-களில் பிறந்தது, என் கருமாதிக்குப் பிறகும் இருக்கும். மற்ற மொழிகள் வேலை கேட்கும்போது இரண்டு மாதத்தில் கைக்கு வந்துவிடும். மேனேஜர் வேலை, ஆட்களோடு பேசப் பிடிக்குமென்றால் போங்கள். கோடுக்குப் பயந்து போகாதீர்கள். அப்படிப் பயந்து போனவர்களின் கீழே நான் வேலை பார்த்திருக்கிறேன். இரவு 11 மணிக்கு ஆள் தேடுகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

இனி ஏஐ. அதற்கு நான் 1986-க்குப் போகவேண்டும்.

அது என் முதல் வேலை. பல ரப்பர் தோட்டங்களுக்குச் சம்பளக் கணக்கு போட்டுக்கொடுக்கும் ஒரு நிறுவனம். ஐபிஎம் சிஸ்டம்/36 இயந்திரம், கோபோல் மொழி. அதுவரை செக்ரோல் என்றால் கிராணி (தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா) கைப்பட எழுதும் பெரிய புத்தகம். யார் பெரட்டுக்கு (காலையில் வரிசையில் நின்று பேர் கொடுப்பது) வந்தார்கள், எந்த நிரை (ஆளுக்கு ஒதுக்கிய மர வரிசை), எத்தனை கிலோ ரப்பர் பால், மழையால் வெட்டு நின்ற நாள் எது, எல்லாம் அதில் இருக்கும். மாதக் கடைசியில் கிராணி இரண்டு நாள் தலையைத் தூக்காமல் உட்கார்ந்து கூட்டுவார். அந்தப் புத்தகத்தைக் கணினிக்குள் கொண்டுபோகும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். தோட்டத்துப் பையன், அம்மா பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டியவர், இவனுக்குத் தெரியாதா என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கோபோலில் ஒரு பெருக்கலின் விடை காசுக்குக் கீழே இறங்கினால் 'ரவுண்டட்' என்ற ஒரு சொல்லைச் சேர்க்கவேண்டும், அது மிச்சத்தைப் பக்கத்து முழுக் காசுக்குச் சுற்றிவிடும். சேர்க்காவிட்டால் அந்த மிச்சத்தை நறுக்கி எறிந்துவிடும். பிழை என்று சொல்லாது, சத்தமும் போடாது. நான் சேர்க்கவில்லை. அதிகப்படிப் பாலுக்கான கூலியை நாள்வாரியாகப் பெருக்கி, நாள்வாரியாக நறுக்கிக்கொண்டிருந்தது என் புரோகிராம். நாளொன்றுக்குச் சராசரி அரைக் காசு. மாதத்துக்கு 24 நாள் வேலை என்றால் 12 காசு. தணிக்கையில் மாட்டவில்லை. மாட்டாது. என் கூட்டுத்தொகையை என் பட்டியலோடுதானே வைத்துப் பார்த்தார்கள்? இரண்டும் ஒரே தப்பு, கச்சிதமாகப் பொருந்தியது.

மூன்று மாதம் கழித்து ஒரு தோட்டத்து ஆபீசில் பிரிண்டரைப் பார்க்கப் போயிருந்தேன். மரம் வெட்டும் ஓர் அம்மா, தலையில் கட்டிய துணியை அவிழ்க்காமல், கை நிறைய ஒட்டுப்பால் வாடையோடு வாசலில் வந்து நின்றார். பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர் என்று கிராணி பிறகு சொன்னார்.

"தம்பி, பழைய கிராணி போட்டா ஒரு கணக்கு வரும். ஒங்க மிசினு போட்டா 10 காசு, 12 காசு கொறையுது. மூணு மாசமா பாக்குறேன்."

மாத எடை முழுவதையும் மனத்திலேயே கூட்டி, கிலோ விலையால் பெருக்கி வைத்திருந்தார். நான் சிரித்துவிட்டேன். 12 காசுக்காகவா அம்மா இவ்வளவு தூரம் நடந்து வந்தீர்கள் என்று கேட்டேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்குக் கூசும்.

"எனக்கு 12 காசு. பெரட்டுல நிக்கிறது 300 பேரு" என்றார்.

மாதம் 36 வெள்ளி (ரிங்கிட்). அது ஒரு தோட்டத்தில் மட்டும்.

அன்றிரவே 'ரவுண்டட்' சேர்த்துவிட்டேன், ஐந்து நிமிட வேலை. ஆனால் அத்தோடு தீரவில்லை. நாள்வாரியாகச் சுற்றுவதா, மாதக் கடைசியில் ஒரே தடவை சுற்றுவதா? இரண்டுக்கும் விடை வேறு. எனக்குக் கொடுத்திருந்த எந்தக் காகிதத்திலும் இது இல்லை. பழைய கிராணி ஓய்வுபெற்று கோலகங்சார் பக்கம் இருந்தார். பஸ் ஏறிப் போய்க் கேட்டேன். "மாசக் கடைசியிலதான், அதுவும் ஆளுக்குச் சாதகமா" என்றார். அவர் வைத்திருந்த பழக்கம் அது. 30 வருடமாகச் சம்பளம் அந்தப் பழக்கத்தின்மேல் நடந்திருக்கிறது. புரோகிராமர் வேலை என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டது அந்தப் பஸ் பயணத்தில்தான்.

உங்கள் கடிதம் வந்த பிறகு, அதே சம்பளக் கணக்கை ஓர் ஏஐயிடம் சொல்லி எழுதச் சொன்னேன். எனக்கு அன்று மூன்று மாதம் பிடித்த வேலையை நான் கோப்பியை ஆற்றிக் குடிப்பதற்குள் முடித்துவிட்டது. என் கோபோலைவிட அழகாகவும் இருந்தது, பொறாமையாகத்தான் இருக்கிறது. காசை மிதவை எண்ணில் (தசமத்தைத் தோராயமாக வைக்கும் முறை, காசுக் கணக்குக்கு ஆகாது) வைத்திருந்தாயே, சரியா என்று கேட்டேன். உடனே மன்னிப்புக் கேட்டுத் திருத்தியது (மரியாதையில் 1986-ஐச் சேர்ந்த என்னைவிட எவ்வளவோ மேல்). ஆனால் நாள்வாரியா மாதவாரியா என்று அது என்னிடம் கேட்கவில்லை. தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டு போய்விட்டது. நானும் அன்று அதைத்தானே செய்தேன்!

கோடு எழுதும் கூலி குறைந்துவிட்டது. அதை ஒத்துக்கொள்ளுங்கள். யாரிடம் போய் என்ன கேட்கவேண்டும் என்று தெரிந்திருப்பதும், வந்த விடையில் எங்கே 12 காசு குறைகிறது என்று மூக்கில் வேர்ப்பதும் இன்னும் குறையவில்லை. 2024 மார்ச்சில் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற புரோகிராமர், தன் கணினியில் எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து ஒரு கணினிக்குள் நுழையும் வழி) உள்நுழைவு ஏறக்குறைய அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். வேறு யாராக இருந்தாலும் லைன் மோசம் என்று விட்டிருப்பார்கள். அவர் தோண்டிக்கொண்டே போக, எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் நிரலுக்குள் யாரோ மறைத்து வைத்திருந்த திருட்டு வாசல் அகப்பட்டது. விட்டிருந்தால் உலகத்து லினக்ஸ் சர்வர்களில் எத்தனையோ திறந்து கிடந்திருக்கும். அந்த அரை விநாடியைப் படித்தபோது எனக்கு அந்த அம்மாவின் அரைக் காசுதான் ஞாபகம் வந்தது.

இன்னொன்று, நம் ஆட்களுக்கே தெரிந்த வயிற்றெரிச்சல். நம் பெயரில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. நடுவில் ஒரு ஏ/எல் (இன்னாரின் மகன்), இல்லாவிட்டால் ஏ/பி (இன்னாரின் மகள்). எங்கோ உட்கார்ந்து எழுதிய பாரங்கள் (படிவங்கள்) அந்தச் சாய்கோட்டைக் கண்டதும் மிரள்கின்றன. கடைசிப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது என்கின்றன. அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, விமான டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டிலும் இரண்டு ஆளாகி நிற்காத மலேசியத் தமிழர் குறைவு. அந்தப் பாரத்தை எழுதியவன் முட்டாளாக இருக்கவேண்டியதில்லை, அவன் தெருவில் நம்மைப்போல் ஒருவர் இல்லை, அவ்வளவுதான். உங்கள் குழுவில் நீங்கள் இருக்கிறீர்கள். இதைச் சொல்ல வாய் திறக்கிறீர்களா?

சரி, வேலை தாங்குமா? எல்லாருக்கும் தாங்கும் என்று சொன்னால் அது பொய். 9 பேர் 6 ஆனதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது தோட்டம் அங்கேயே இருந்தது, வெட்டுக்கத்தி பிடித்த கைகளுக்குத்தான் வேலை இல்லாமல் போனது. அந்தக் கை வேலை லேசானதல்ல. பட்டையை ஒரு மயிரிழை ஆழமாக வெட்டினால் மரம் காயப்பட்டு, மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வரும். 20 வருடம் பழகிய அந்தக் கை ஒரே வருடத்தில் வெளிக்காட்டு வேலைக்குப் புல் வெட்டப் போனது. என் அம்மாவும் போனார். திறமை இருந்தால் பிழைக்கலாம் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரியும். உங்களுக்குப் பக்கத்திலிருக்கும் புத்ராஜெயாவும் முன்பு பிராங் பெசார் தோட்டம். பிபி 86 என்ற ரப்பர் ரகம் அங்கே உருவாக்கியதுதான், அந்த 'பிபி' பிராங் பெசார். அங்கே வெட்டிக்கொண்டிருந்தவர்களின் பிள்ளைகளில் எத்தனை பேர் இன்று உங்கள் அலுவலகத்தில் இருக்கிறார்கள் என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள்.

அதனால் ஆறு மாதச் சம்பளத்தைத் தொடாமல் வையுங்கள். கம்பெனியைக் குடும்பம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

இனி இரவு 11 மணி. காலையில் எல்லாரும் நின்றுகொண்டே நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்வோம் என்று ஒப்பிக்கிறீர்களே, அதற்கு என்னென்னமோ பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பெரட்டு. வரிசையில் நிற்கிறோம், பேர் கொடுக்கிறோம், நிரை வாங்கிக்கொண்டு போகிறோம். அன்றைய பெரட்டுக்கு ஒரு நேர்மை இருந்தது, வேலை முடிந்தால் தண்டல் (வேலை மேற்பார்வையாளர்) நம் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கமாட்டார்.

நம் நாட்டு வேலைச் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் உச்சவரம்பு. ஆனால் மாதச் சம்பளம் 4,000 வெள்ளியைத் தாண்டினால் ஓவர்டைம் கேட்கும் உரிமை அந்தச் சட்டத்தில் உங்களுக்கு இல்லை. உங்கள் அப்பா உடலுழைப்புத் தொழிலாளி, அவர் எவ்வளவு வாங்கினாலும் ஓவர்டைம் உண்டு. அவருக்குப் பின்னால் 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் இருக்கிறது. அந்தச் சங்கத்தைப் பற்றி ஊரில் ஆயிரம் குறை சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் உங்களுக்குக் குறை சொல்லக்கூட ஒரு சங்கம் இல்லையே, தம்பி. நாம் படித்தவர்கள், நமக்கெதற்குச் சங்கம் என்று என் தலைமுறை இறுமாந்திருந்தது. உங்கள் 11 மணிக்கு அதுவும் ஒரு காரணம். இந்தப் பழியில் என் பங்கை நான் ஏற்கிறேன்.

உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரச்சொல்லி எழுத்தில் விண்ணப்பம் கொடுக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்லியாகவேண்டும், மறுத்தால் காரணமும் சொல்லவேண்டும். மறுப்பார்கள் என்றே வைத்துக்கொள்வோம். காரணம் காகிதத்தில் வரும் அல்லவா? வாரம் இரண்டு நாள் ஊரிலிருந்து வேலை என்று கேட்டுப் பாருங்கள். மழை பிடித்தால் இங்கே லைன் போய்விடும், அதை மட்டும் விண்ணப்பத்தில் எழுதாதீர்கள்.

அடுத்த தடவை ஊருக்கு வரும்போது அப்பாவின் கடைசி மாதச் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். பட்டணத்தில் பஸ் நிலையத்துக்கு எதிர்க் கடையில் காலை 8 மணிக்குப் பசியாறிக்கொண்டிருப்பேன். குலைக்கு எவ்வளவு, எத்தனை குலை, எதைக் கழித்திருக்கிறார்கள் என்று நாம் இருவரும் பென்சிலால் கையாலேயே போட்டுப் பார்ப்போம். முடிந்தால் அப்பாவையும் கூட்டி வாருங்கள், எங்கே சுற்றுகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.