கறுப்புத் திரையில் நிற்கும் லினக்ஸ்

கேள்வி: என்விடியா ஜீஃபோர்ஸ் 9 வரிசை அட்டை உள்ள பழைய கணினியில் லினக்ஸ் நிறுவினேன். க்ரப் எனும் தொடக்கப் பட்டியல் வருகிறது. பிறகு திரை கறுத்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: க்ரப் பட்டியல் தெரியும்போது ஆங்கில 'ஈ' விசையை அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, 'நோமோட்செட்' (nomodeset) என ஒரே சொல்லாக, ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டச்சிட்டு எஃப்10 அழுத்துங்கள். லினக்ஸின் கருவான கெர்னல் எழும்போதே, என்விடியா அட்டைகளுக்கான திறமூல இயக்கியான நூவோ திரையைத் தன் பொறுப்பில் எடுக்க முயன்று தடுமாறுவதுதான் பெரும்பாலும் காரணம். இந்தச் சொல் அதைத் தடுக்கிறது. இந்த மாற்றம் அந்த ஒருமுறைக்கு மட்டுமே செல்லும். வரைகலை முடுக்கமும் கிடைக்காது, வீடியோ திக்கும். அதனால் இதையே நிரந்தரமாக்காதீர்கள். உள்ளே நுழைந்ததும் கெர்னல், மீசா (வரைகலை நூலகத் தொகுப்பு) இரண்டையும் புதுப்பித்து, அந்தச் சொல் இல்லாமல் தொடங்கிப் பாருங்கள். என்விடியாவின் சொந்த 340 இயக்கி வேண்டாம்: 2019-உடன் ஆதரவு முடிந்தது, புதிய கெர்னல்களில் ஒட்டு வேலை (பேட்ச்) இல்லாமல் தொகுக்க முடியாது. நூவோவில் திரை அவ்வப்போது உறைந்தால், எக்ஸ்எஃப்சிஇ மேசைச்சூழலுக்கு மாறி, சாளரங்களுக்கு நிழல் போன்ற விளைவுகள் தரும் அதன் 'கம்போசிட்டிங்' வசதியை அணைத்துவிடுங்கள்.